மீட்கப்படாத ஒற்றி: கோர்சிகாவும் அதன் நாடும்

மத்தியதரைக் கடலின் பெருந்தீவுகளுள் சிசிலி, சார்தீனியா, சைப்ரஸ் ஆகியவற்றுக்கு அடுத்த நிலையில் உள்ள கோர்சிகா, வடக்கு தெற்காக ஏறத்தாழ 183 கிலோமீட்டர் நீளமும், மிக அகன்ற இடத்தில் ஏறத்தாழ 83 கிலோமீட்டர் அகலமும் உடையது. அதன் தென்முனைக்கும் இத்தாலிக்கு உரிய சார்தீனியாவுக்கும் இடையே உள்ள போனிபாச்சோ நீரிணை 12 கிலோமீட்டர்தான் அகலம். கிழக்கே இத்தாலியின் தஸ்கனிக் கடற்கரை தொண்ணூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. அத்தீவு எந்த நாட்டின் பகுதியாக இன்று ஆளப்படுகிறதோ அந்தப் பிரான்சின் தென்கரையோ 170 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்தாலியத் தேசியவாதிகள் இத்தொலைவுகளைத் தங்கள் கோரிக்கைக்குச் சான்றாகக் காட்டியதுண்டு. தொலைவைச் சான்றாக ஏற்பதானால் பாறைகளின் சான்றையும் ஏற்க வேண்டியிருக்கும். கோர்சிகாவும் சார்தீனியாவும் ஒரே நிலப்பாளமாகத் தென்பிரான்சின் கரையோடு ஒட்டியிருந்து, ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் அதிலிருந்து பிரியத் தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழன்று இன்றைய இடத்துக்கு வந்தவை என்பது நிலவியலாளர் ஏற்றுக்கொண்ட முடிவு. ஒரே பாளத்தின் ஒரு பாதி பிரான்சுக்கும் மறுபாதி இத்தாலிக்கும் உரியதாக இருக்கும் நிலையில், கடலின் அகலமோ பாறையின் பிறப்போ நாட்டுச் சார்பைத் தீர்மானித்ததாகச் சொல்ல இடமில்லை. கோர்சிகா யாருக்கு உரியது என்ற கேள்விக்கு வரலாற்றில் கிடைக்கும் விடை, தீவின் உள்ளே எழுந்து நிற்கும் மலையையும் தீவுக்கு வெளியே எழுதப்பட்ட கடன் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் புலப்படும்.

வடமேற்கிலிருந்து தென்கிழக்காகத் தீவை இரு கூறாகப் பிளக்கும் மலைத்தொடரின் உச்சியான மோன்தே சிந்தோ 2,706 மீட்டர் உயரமுடையது. அவ்வளவு உயர்ந்த சிகரம் கடலிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே நிற்கிறது. இத்தொடருக்கு வடகிழக்கே உள்ள பகுதி மலைக்கு இப்புறம் எனப் பொருள்படும் சிஸ்மோந்தே என்றும், தென்மேற்கே உள்ளது மலைக்கு அப்புறம் எனப் பொருள்படும் புமோந்தே என்றும் வழங்கின. எது இப்புறம், எது அப்புறம் என்பதை இத்தாலியிலிருந்து வந்தவர்களின் பார்வையே முடிவு செய்தது. இரு பகுதிகளுக்கும் இடையே உள்ள முதன்மையான பாதை 1,163 மீட்டர் உயரத்தில் விஸ்ஸவோனா கணவாயைக் கடந்து செல்வதால், குளிர்காலப் பனியில் ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்குப் போவதைவிடக் கப்பலேறி இத்தாலியின் லிவோர்னோவுக்குப் போவது எளிதாக இருந்த காலங்கள் உண்டு. கிழக்குக் கரையில் மட்டும் அகன்ற சமவெளி ஒன்று இருக்கிறது. கிரேக்கர்கள் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் அலாலியா என்ற பெயரில் குடியேறியதும், கி.மு. 259இல் உரோமானியர் கைப்பற்றி அலேரியா என்று தலைநகராக்கியதும் அச்சமவெளியில்தான். உரோமப் பேரரசு வீழ்ந்தபின் வடிகால்கள் தூர்ந்து, ஆற்று முகங்கள் சதுப்பாகி, மலேரியா குடிகொண்டதால், வளமான அந்நிலம் இருபதாம் நூற்றாண்டு வரை பெரும்பாலும் ஆளற்றுக் கிடந்தது. மக்கள் மலைச்சரிவுகளில் ஊரமைத்து, குளிர்காலத்தில் மட்டும் ஆடுகளோடு கடலோரத்துக்கு இறங்கி, கோடையில் மீண்டும் மேலேறினர். தீவில் வாழ்ந்தும் மீன்பிடிப்பையும் கடலோட்டத்தையும் நாடாத இவர்களிடையே, வடக்கே கடலுக்குள் நீண்டிருக்கும் காப் கோர்ஸ் முனையினர் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் மதுவும் எண்ணெயும் ஏற்றி ஜெனோவாவுக்கும் உரோமுக்கும் கப்பல் செலுத்தினர், பின்னாளில் அமெரிக்கக் கண்டம் வரை சென்று பொருளீட்டித் திரும்பி மாளிகைகள் கட்டினர்.

இவ்வாறு மலை உள்ளும் கடல் புறமுமாகப் பிரிந்த நிலத்தில், கடல்வழி வந்த அரசுகளால் கரையை மட்டுமே பிடிக்க முடிந்தது. திருத்தந்தையர் தீவின் மீது மேலுரிமை கொண்டாடி, பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் அதைப் பீசா நகரத்து ஆயரிடம் ஒப்படைத்தனர். பீசாவின் போட்டி நகரமான ஜெனோவா 1195இல் போனிபாச்சோ நகரில் தன் குடிகளை இருத்தியது. 1284இல் மெலோரியா கடற்போரில் பீசாவின் கப்பற்படை அழிந்தபின் ஜெனோவாவின் கை ஓங்கியது. 1297இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ், சார்தீனியாவையும் கோர்சிகாவையும் ஒரே அரசாகச் சேர்த்து அரகோன் மன்னருக்கு வழங்கினார். அந்த வழங்கல் சார்தீனியாவில் நடைமுறைக்கு வந்தது, கோர்சிகாவில் வரவில்லை. நீரிணையின் இரு கரைகளும் வேறு வேறு அரசியல் பாதையில் போனதற்கு இதுவே தொடக்கம்.

1358இல் சிஸ்மோந்தே மக்கள் சம்புக்குச்சோ தலாந்தோ என்பவரின் தலைமையில் நிலக்கிழார்களுக்கு எதிராக எழுந்து, அவர்களின் கோட்டைகளை இடித்து, ஜெனோவாவின் பாதுகாப்பை வேண்டினர் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. பின்னாளில் வெறுப்புக்குரிய பெயராகிப்போன ஜெனோவா, தொடக்கத்தில் தீவினருள் ஒரு பகுதியினரால் விரும்பி அழைக்கப்பட்ட அரசாகவே இருந்தது. ஆயினும் அக்குடியரசுக்குத் தீவை ஆளும் செலவு கட்டுப்படியாகவில்லை. 1453இல் அது கோர்சிகாவின் ஆட்சியைப் புனித ஜார்ஜ் நிதியகத்திடம் ஒப்படைத்தது. அந்த நிதியகம், அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் ஒன்றுகூடி, தங்கள் கடனுக்கு ஈடாக வரி வருவாயை நேரடியாகத் தண்டிக்கொள்ள அமைத்த நிறுவனம். கருங்கடல் கரையிலிருந்த ஜெனோவாவின் குடியேற்றங்களும் அதே ஆண்டில் அதன் கைக்குப் போயின. ஒரு தீவும் அதன் மக்களும் கடன்காரர் கூட்டமைப்பு ஒன்றின் கணக்கேட்டில் சொத்தாக ஏறியது கோர்சிகாவின் வரலாற்றில் முதல் முறை. இறுதி முறை அன்று.

நிதியகமும், 1562இல் ஆட்சியைத் திரும்பப் பெற்ற குடியரசும் விட்டுச்சென்ற தடயங்கள் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. பாஸ்தியா, கால்வி, போனிபாச்சோ, 1492இல் நிறுவப்பட்ட அஜாக்சியோ ஆகிய கோட்டை நகரங்களில் லிகூரியாவிலிருந்து, அதாவது ஜெனோவாவைச் சூழ்ந்த கடலோர நாட்டிலிருந்து, கொண்டுவரப்பட்ட குடிகள் வாழ்ந்தனர். போனிபாச்சோவின் பழைய பேச்சு இன்றும் லிகூரிய வழக்கே. வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரின் வருகையை அறிவிக்கப் பதினாறாம் நூற்றாண்டில் கரை நெடுகக் கட்டப்பட்ட வட்டக் கோபுரங்கள், ஒன்றில் மூட்டிய தீ அடுத்ததற்குத் தெரியும் இடைவெளியில் தீவைச் சுற்றி நின்றன; அவற்றின் காவலருக்கான கூலியின் சுமை பெரும்பாலும் அருகிலிருந்த ஊர்களின் மேல் விழுந்தது. 1584இல் ஆளுநர் பிறப்பித்த ஆணை, நிலமுடையோர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் மரங்கள் நட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அம்மரங்களுள் ஒன்றான செஸ்ட்நட், வடகிழக்கு மலைகளில் அடர்ந்து பரவி, கஸ்தானிச்சியா என்று அந்த மரத்தின் பெயராலேயே ஒரு நாட்டுப்புறத்துக்குப் பெயர் தந்தது. அதன் கொட்டையை உலர்த்தி அரைத்த மாவு, கோதுமை விளையாத சரிவுகளில் ஏழைகளின் அன்றாட உணவாயிற்று. ஜெனோவா வருவாய் கருதி நடச்செய்த மரம், அதன் ஆட்சிக்கு எதிராக மலையில் நாற்பது ஆண்டுகள் போராடியவர்களுக்கு உணவளித்தது என்பது வேளாண் ஆணைகளின் விளைவை முன்கூட்டி யாரும் கணிக்க முடியாது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அந்தப் போராட்டம் 1729இன் இறுதியில் வரி தண்டலில் தொடங்கியது. குடும்பங்களுக்கு இடையே தலைமுறை தாண்டி நடந்த பழிவாங்கல் கொலைகளைத் தடுப்பதற்காக 1715இல் துப்பாக்கி வைத்திருப்பது தடைசெய்யப்பட்டது. அதுவரை துப்பாக்கி உரிமச் சீட்டுகளால் வந்துகொண்டிருந்த வருவாய் நின்றுபோனதை ஈடுகட்ட, ஒவ்வொரு குடும்பத்தின் மேலும் ஒரு சிறு வரி விதிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்கு என்று சொல்லி விதித்த அவ்வரி நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போனது. அறுவடை பொய்த்த காலத்தில் அதைத் தண்டவந்தவரை மலையூர்கள் திருப்பி அனுப்பின. உயர் பதவிகள் தீவினருக்கு மூடப்பட்டிருந்ததும், நீதிமன்றங்களில் தீர்ப்பு விலைக்குப் போனதும் சிறு குறையைப் பெருங்கிளர்ச்சியாக வளர்த்தன. 1735 சனவரியில் கூடிய மக்கள் மன்றம் ஜெனோவாவின் ஆட்சி முடிந்ததாக அறிவித்துத் தீவைக் கன்னி மரியாளின் பாதுகாப்பில் வைத்தது. மறு ஆண்டு மார்ச்சில் அலேரியாக் கரையில் ஆயுதங்களோடு வந்திறங்கிய வெஸ்ட்பேலியப் பிரபு தியோடோர் வான் நொய்ஹோஃப் மன்னராக முடிசூட்டப்பட்டு, வாக்களித்த உதவி எதுவும் வராத நிலையில் நவம்பரிலேயே தீவை விட்டுப் போனார். நாற்பது ஆண்டுக் கிளர்ச்சியில் இந்நிகழ்ச்சி ஒரு கோமாளிக்கூத்து என்று ஒதுக்கப்படுவது வழக்கம். ஆனால் ஜெனோவா அல்லாத எவரையும் மன்னராக ஏற்கத் தீவினர் ஆயத்தமாக இருந்தனர் என்பதை அது காட்டுகிறது. ஜெனோவா தன் பங்குக்கு முதலில் ஆஸ்திரியப் பேரரசரின் படையையும், 1738 முதல் பிரெஞ்சுப் படையையும் துணைக்கு அழைத்தது. அவ்வழைப்புகள் ஒவ்வொன்றும் கடனாகப் பெருகின.

1755 சூலையில் பாஸ்குவாலே பவோலி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதோடு கிளர்ச்சி ஓர் அரசாக உருவெடுத்தது. நேப்பிள்ஸில் நாடுகடத்தப்பட்டவர்களிடையே வளர்ந்த அவர், திரும்பிய ஆண்டின் நவம்பரில் ஓர் அரசியலமைப்பை நிறைவேற்றச் செய்தார். மக்களே தங்களுக்கு உரிமையாளர் என்ற கருத்தை முன்வைத்த அந்த ஆவணம், அமெரிக்க அரசியலமைப்புக்கு மூன்று பதிற்றாண்டுகள் முற்பட்டது, எழுதப்பட்ட மொழி இத்தாலியம். கடற்கரை நகரங்கள் ஜெனோவாவின் கையில் இருந்ததால் மலைகளின் நடுவே உள்ள கோர்த்தே தலைநகராயிற்று. அங்கே 1765இல் ஒரு பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. சொந்த நாணயம் அச்சிடப்பட்டது. கால்வித் துறைமுகத்தின் வணிகத்தை ஈர்க்க அதனருகே ஈல் ரூஸ் என்று இன்று அழைக்கப்படும் புதிய துறைமுகம் 1758இல் தொடங்கப்பட்டது. மலையரசு கடலில் ஒரு வாயிலைத் தேடியதன் சான்று இந்தத் துறைமுகம். ரூசோ தம் சமுதாய ஒப்பந்த நூலில் கோர்சிகாவைப் புகழ்ந்தெழுதியதும், ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் 1765இல் நேரில் வந்து பவோலியைச் சந்தித்து மூன்றாண்டுகளுக்குப் பின் நூல் வெளியிட்டதும் ஐரோப்பாவில் அத்தீவுக்குப் பெரும் பெயரைத் தேடித்தந்தன. எந்தப் பேரரசும் அந்த அரசை முறைப்படி ஏற்கவில்லை.

ஜெனோவாவோ பிரான்சிடம் பட்ட கடனைத் திருப்பித்தர முடியாத நிலையில் இருந்தது. 1768 மே 15இல் வெர்சாய் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, கோர்சிகாவை விற்ற ஆவணம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், அதன் வாசகம் விற்பனையைப் பற்றிப் பேசவில்லை. பிரெஞ்சு மன்னர் தீவின் கோட்டைகளைத் தம் படையால் பிடித்து இறையாண்மையைச் செலுத்துவார் என்றும், அது அவருக்காகும் செலவுக்கு ஈடாக இருக்கும் என்றும், ஜெனோவா அச்செலவை என்றேனும் தீர்த்தால் தீவைத் திரும்பப் பெறலாம் என்றும் அது கூறியது. கடன் தீரும்வரை நிலத்தைக் கடன் கொடுத்தவரே அனுபவித்துக்கொள்ள, உரிமை மட்டும் பழைய உடைமையாளர் பெயரில் நிற்கும் ஒற்றியை இது பெரிதும் ஒத்தது. செலவுக் கணக்கை எழுதும் உரிமை பிரான்சிடமே இருந்ததால் கடன் ஒருநாளும் தீராது என்பது இரு தரப்பாருக்கும் தெரியும். இரகசியப் பிரிவு ஒன்றின்படி பிரான்சு பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் இரண்டு இலட்சம் லிவர் ஜெனோவாவுக்குத் தர ஒப்புக்கொண்டதும் அதனால்தான். இதே உடன்படிக்கை, கோர்சிகாவுக்கும் இத்தாலிக் கரைக்கும் இடையே உள்ள கப்ராயா என்ற சிறு தீவையும் குறிப்பிட்டது. அதைப் பவோலியின் படை 1767இல் கைப்பற்றியிருந்தது. அது ஜெனோவாவிடம் திருப்பித் தரப்பட வேண்டும் என்று எழுதப்பட்டது. இத்தாலியின் பெருநிலத்தைவிடக் கோர்சிகாவுக்கு அருகே கிடக்கும் கப்ராயா இன்று லிவோர்னோ மாநிலத்தைச் சேர்ந்த இத்தாலிய மண்ணாக இருப்பதற்கு அந்த ஒரு பிரிவே காரணம்.

தங்களைக் கேளாமல் எழுதப்பட்ட ஆவணத்தை ஏற்காத தீவினர், 1768 அக்டோபரில் போர்கோவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தனர். அடுத்த வேனிலில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு வந்த புதிய தளபதி, மே 8ஆம் நாள் கோலோ ஆற்றின் மேலுள்ள பொந்தே நோவுப் பாலத்தில் பவோலியின் படையைச் சிதறடித்தார். பவோலி சூன் மாதம் ஆங்கிலக் கப்பலில் வெளியேறி இலண்டன் சேர்ந்தார். அவரது செயலராக இருந்த கார்லோ புவோனபார்த்தே வெற்றி பெற்றவர் பக்கம் சேர்ந்து, தம் குடும்பத்தின் பிரபுத்துவத்தைப் பிரெஞ்சு அதிகாரிகளிடம் மெய்ப்பித்துக்கொண்டார். அதன் பயனாக, போருக்கு மூன்று மாதத்துக்குப் பின் அஜாக்சியோவில் பிறந்த அவர் மகன் நெப்போலியன், மன்னரின் செலவில் பிரெஞ்சு இராணுவப் பள்ளியில் படித்தான். ஜெனோவா இருநூறு ஆண்டுகளில் செய்யாத ஒன்றைப் பிரான்சு வந்த சில ஆண்டுகளிலேயே செய்தது: உள்ளூர்ப் பெருங்குடியினரைத் தன் மேல்தட்டில் சேர்த்துக்கொண்டது. கோர்சிகா பிரான்சோடு ஒட்டியதன் தொடக்கத்தைப் பொந்தே நோவுவில் தேடுவதைவிட இந்தப் பிரபுத்துவப் பதிவேடுகளில் தேடுவது பொருத்தம்.

ஒற்றி இருபத்தோர் ஆண்டுகள் நீடித்தது. 1789இல் புரட்சி வெடித்தபோது, தங்களை மீண்டும் ஜெனோவாவிடம் ஒப்படைத்துவிடுவார்களோ என்ற அச்சம் தீவில் பரவியது. நவம்பர் தொடக்கத்தில் பாஸ்தியாவில் கலவரம் மூண்டது. அங்கிருந்து வந்த மடல் தேசிய மன்றத்தில் படிக்கப்பட, நவம்பர் 30இல் அம்மன்றம், கோர்சிகா பிரெஞ்சுப் பேரரசின் பிரிக்கமுடியாத பகுதி என்றும் அதன் மக்கள் மற்றப் பிரெஞ்சுக்காரரைப் போலவே ஒரே அரசியலமைப்பின்கீழ் ஆளப்படுவர் என்றும் அறிவித்தது. நாடுகடத்தப்பட்டவர்கள் திரும்பலாம் என்று மன்ற உறுப்பினர் மீராபோ கொண்டுவந்த தீர்மானமும் அன்றே நிறைவேறியது. ஜெனோவா 1768இன் வாசகத்தைச் சுட்டி எதிர்ப்புத் தெரிவித்தது. மன்றம் அதை விவாதத்துக்கு எடுக்கவே மறுத்தது. மக்களின் விருப்பம் உடன்படிக்கைக்கு மேற்பட்டது என்ற புதிய கோட்பாடு இங்கே ஒரு நிலத்தின் உரிமையைத் தீர்த்தது. அக்கோட்பாட்டை 1755லேயே எழுதிவைத்தவர்களை அதே பிரான்சு இருபது ஆண்டுகளுக்கு முன் பீரங்கியால் அடக்கியிருந்தது. உடைமையாளரின் கதையும் விரைவில் முடிந்தது: ஜெனோவாக் குடியரசு 1797இல் கலைக்கப்பட்டு, 1805இல் பிரான்சோடு இணைக்கப்பட்டது, இணைத்தவர் ஒற்றிவைக்கப்பட்ட தீவில் பிறந்த நெப்போலியன்.

1790இல் பெருவரவேற்போடு திரும்பிய பவோலி, புரட்சி குருதிக்களமாக மாறியதும் அதனோடு முரண்பட்டார். 1793 ஏப்ரலில் பாரிசு அவரைக் கைதுசெய்ய ஆணையிட்டது; அவர் ஆங்கிலேயரை அழைத்தார்; பாஸ்தியாவும் கால்வியும் முற்றுகையில் வீழ்ந்தன. கால்வி முற்றுகையில்தான் கடற்படைத் தளபதி நெல்சன் வலக்கண் பார்வையை இழந்தார். 1794 முதல் 1796 வரை கோர்சிகா இங்கிலாந்து மன்னரைத் தன் மன்னராகக் கொண்ட தனியரசாக இருந்தது. கில்பர்ட் எலியட் என்ற ஸ்காட்லாந்துக்காரரே அதன் அரசப் பேராளராக ஆனார். பவோலி மீண்டும் இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, 1807இல் அங்கேயே இறந்தார். நெப்போலியனின் வெற்றிகள் இத்தாலியை அச்சுறுத்தியதும் ஆங்கிலேயர் தீவைக் காலிசெய்தனர்.

அதன்பின் நாட்டுச் சார்பு பற்றிய கேள்வி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தணிந்திருந்தது என்றாலும், தீவு உடனே பிரெஞ்சுத் தன்மை பெற்றுவிடவில்லை. 1818இன் சுங்கச் சட்டம், தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பொருள்கள் பலவற்றுக்கு வரி விதித்து, அங்கிருந்து வருபவற்றைத் தீர்வையின்றி விட்டது. ஒரே நாட்டின் மாவட்டம் ஒன்று ஏற்றுமதியில் அயல்நாடாக நடத்தப்பட்ட இந்நிலை, திருத்தங்களோடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தொடர்ந்தது. கோர்சிகரின் பேச்சு தஸ்கனி வழக்குக்கு நெருங்கிய உறவுடையது. எழுத்திலும் நீதிமன்ற ஆவணங்களிலும் இத்தாலியம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை புழங்கியது. கற்றவர்கள் பீசாவிலேயே சட்டமும் மருத்துவமும் பயின்றனர். இந்நிலையை மாற்றியவற்றுள் பள்ளிக்கூடத்துக்கும் படைப்பிரிவுக்கும் முதலிடம். விளைநிலம் குறைந்த, தொழிற்சாலை இல்லாத தீவின் இளைஞர்களுக்கு அரசுப் பணியே வழியாயிற்று. காவல், சுங்கம், அஞ்சல், சிறை, படை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பேரரசின் குடியேற்ற நாடுகள் அவர்களை ஈர்த்தன. சைகோனின் அலுவலகங்களில் கோர்சிகர் நிறைந்திருந்த அதே காலத்தில், தங்கள் தனிச் சட்டநிலையைத் துறந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரி, காரைக்கால் தமிழர்களும் அங்கே எழுத்தராகவும் காவலராகவும் பணியாற்றினர். பெருநிலப் பிரெஞ்சுக்காரர் ஏற்கத் தயங்கிய நடுத்தரப் பதவிகளுக்கு ஓரத்து நிலங்களிலிருந்து ஆள் எடுக்கும் முறையே இரு சாராரையும் அங்கே கொண்டுசேர்த்தது. ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய கோர்சிகர் பிரெஞ்சு பேசினார். தம் பிள்ளையும் அப்பணிக்கே போக வேண்டும் என்று விரும்பினார். முதல் உலகப்போரில் மாண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோர்சிகரின் பெயர்கள் ஊர்தோறும் கல்லில் பொறிக்கப்பட்டபின், பிரான்சோடுள்ள உறவு சம்பளத்தைத் தாண்டியதாயிற்று.

இவ்வுறவின் வலிமையை முசோலினியின் அரசு உணரவில்லை. இழந்த நிலங்களை மீட்கும் கொள்கை கொண்ட இத்தாலியப் பாசிசம், தொலைவையும் மொழியையும் சுட்டிக் கோர்சிகாவை உரிமை கோரியது. 1938 நவம்பர் 30இல் உரோம் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் துனிசு, நீஸ், சவாய் ஆகியவற்றோடு கோர்சிகாவின் பெயரையும் முழக்கமிட்டனர். நான்கு நாள்களில், பாஸ்தியாவில் பெருந்திரளாகக் கூடியவர்கள் பிரெஞ்சுக்காரராக வாழ்ந்து பிரெஞ்சுக்காரராகவே இறப்பதாக உறுதியெடுத்தனர். கோர்சிக மொழியில் இதழ் நடத்தித் தன்னாட்சி கேட்டவர்களுள் சிலர் இத்தாலியின் பக்கம் சாய்ந்தது உண்மை. ஆனால் 1942 நவம்பரில் ஏறத்தாழ எண்பதாயிரம் இத்தாலிய வீரர்கள் தீவில் இறங்கியபோது அவர்களை வரவேற்றோர் மிகச் சிலரே. மலைச்சரிவுகளை மூடியிருக்கும் மாக்கி என்ற முட்புதர்க் காட்டின் பெயர், அதில் ஒளிந்து போராடியவர்களால் பிரான்சு முழுவதிலும் எதிர்ப்புப் படைகளின் பெயராயிற்று. இத்தாலி சரணடைந்த செய்தி வந்ததும் 1943 செப்டம்பர் 9இல் எழுச்சி தொடங்கி, அல்ஜீரியாவிலிருந்து வந்த பிரெஞ்சுப் படைகளின் துணையோடும், செருமானியருக்கு எதிராகத் திரும்பிய இத்தாலியப் பிரிவுகளின் துணையோடும் அக்டோபர் 4இல் பாஸ்தியா மீட்கப்பட்டது. பெருநிலப் பிரான்சின் ஆட்சி அமைப்பைச் சேர்ந்த மாவட்டங்களுள் முதலில் விடுதலை பெற்றது, அதிலிருந்து மிகத் தொலைவில் இருந்த இதுவே.

போருக்குப் பிந்தைய மனக்கசப்பு மீண்டும் நிலத்திலேயே முளைத்தது. வானூர்தித் தளங்கள் அமைக்க வந்த அமெரிக்கப் படையினர் டிடிடி தெளித்து மலேரியாவை ஒழித்ததால், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தரிசாகக் கிடந்த கிழக்குச் சமவெளி திடீரென விலைமதிப்புள்ள நிலமாயிற்று. அதை நீர்ப்பாசனம் செய்து பண்படுத்த அரசு 1957இல் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபின் அங்கிருந்து பெயர்ந்துவந்த ஐரோப்பியக் குடிகளுக்கே பண்படுத்திய நிலத்தின் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது. பேரரசு முடிந்ததால் குடியேற்ற நாட்டுப் பதவிகள் மறைந்து ஊரிலேயே தங்க நேர்ந்த தலைமுறைக்கு, வீட்டு வாசலில் இருந்த நிலமும் கைக்கு எட்டவில்லை. 1975 ஆகஸ்டில் எத்மோன் சிமெயோனி தலைமையில் ஆயுதமேந்திய குழு அலேரியாவில் இத்தகைய குடியேறி ஒருவரின் மதுக்கிடங்கைக் கைப்பற்றியதும், அதை மீட்கும் முயற்சியில் இரு காவலர்கள் மாண்டதும், அடுத்த ஆண்டு தலைமறைவு விடுதலை முன்னணி தோன்றியதும் இப்பின்னணியில் நிகழ்ந்தவை. மொழியிலும் இதற்கொப்ப ஒரு குறை இருந்தது: வட்டார மொழிகளைப் பள்ளிகளில் கற்பிக்க வழிசெய்த 1951இன் சட்டம், கோர்சிக மொழியை இத்தாலியத்தின் கிளை என்று கருதி விலக்கிவைத்தது, 1974இல்தான் அது சேர்க்கப்பட்டது. பவோலியின் பல்கலைக்கழகம் 1981இல் கோர்த்தேயில் மீண்டும் திறந்தது.

அரசியலமைப்பு வழியிலான இழுபறி இன்னும் நீள்கிறது. பிரெஞ்சு மக்களின் ஒரு கூறாகிய கோர்சிக மக்கள் என்று 1991இன் சட்டம் குறித்த தொடரை, பிறப்பாலும் இனத்தாலும் பிரிக்கப்படாத பிரெஞ்சு மக்கள் என்ற ஒன்றைத்தான் அரசியலமைப்பு அறியும் என்று கூறி அரசியலமைப்பு மன்றம் நீக்கியது. 1998இல் அரசின் பேராளராக இருந்த மாவட்ட ஆட்சித்தலைவர் குளோது எரிஞாக் அஜாக்சியோவில் சுட்டுக்கொல்லப்பட்டபோது தீவில் பல்லாயிரம் பேர் கண்டித்து ஊர்வலம் சென்றனர். 2003இல், தீவு பிரிக்கப்பட்டிருந்த இரு மாவட்டங்களையும் ஒன்றாக்கும் திட்டத்தை வாக்காளர்கள் சிறு வேறுபாட்டில் நிராகரித்தனர். 2014இல் விடுதலை முன்னணி ஆயுதங்களைக் கைவிடுவதாக அறிவித்தது. 2015இல் எத்மோனின் மகன் ஜில் சிமெயோனி தலைமையிலான தேசியவாதிகள் வாக்குச்சீட்டால் தீவின் ஆட்சிக்கு வந்தனர். 2018 சனவரி முதல் நாளில், 2003இல் மறுக்கப்பட்ட ஒன்றிணைப்பே சட்டத்தால் நடைமுறைக்கு வந்தது. துப்பாக்கியால் கிடைக்காதது தேர்தலால் கிடைத்ததாக இதைக் கொள்வோர் உண்டு. அந்தத் தேர்தல் வெற்றிக்குச் சில ஆண்டுகளுக்குப் பின்னும், 2022 மார்ச்சில் எரிஞாக் கொலைக்காகத் தண்டனை பெற்றிருந்தவர் சிறையில் தாக்கப்பட்டதும் தெருக்கள் எரிந்த பிறகே தன்னாட்சி குறித்துப் பாரிசு பேசத் தொடங்கியது என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

2024 மார்ச்சில் அரசும் தீவின் தலைவர்களும் ஒப்புக்கொண்ட வரைவு, குடியரசுக்கு உட்பட்ட தன்னாட்சியைக் குறிப்பிட்டு, தன் மண்ணோடு தனித்த பிணைப்பை வளர்த்துக்கொண்ட வரலாற்று, மொழி, பண்பாட்டுச் சமூகம் ஒன்றின் நலன்களை அதற்கு அடிப்படையாகக் கூறுகிறது. 1991இல் நீக்கப்பட்ட தொடர் அதில் இடம்பெறவில்லை. கோர்சிக மன்றம் அம்மாத இறுதியில் அவ்வரைவுக்கு ஒப்புதல் அளித்தது. அது அரசியலமைப்பின் பகுதியாக வேண்டுமானால், பாரிசில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒரே வாசகத்தை முதலில் ஏற்க வேண்டும். அதன்பின் பொது வாக்கெடுப்போ, இரு அவைகளும் ஒன்றுகூடி வாக்களிக்கும் கூட்டத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவோ தேவை. அந்தக் கூட்டம் நடைபெறும் இடம் வெர்சாய்.